மோனே, ரென்வார், டெகா எல்லாரும் ஒரே ஸ்டைலா? இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களப் பத்தி ஒரு இழை

கித்தான்:
வணக்கம் மக்களே. ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்த விஷயம் இது. 19ம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவிய இயக்கம் இம்ப்ரெஷனிசம்னு சொன்ன உடனே எல்லாருக்கும் ஞாபகம் வர்றது மோனேவோட அல்லிக்குளம் தான், மங்கலா கொஞ்சம் பூ, கொஞ்சம் தண்ணி, அவ்ளோதான். ஆனா அதே லிஸ்ட்ல டெகா பேரும் இருக்கு. பாரிஸ் ஓர்சே மியூசியத்துல இருக்கிற அவரோட டான்ஸ் கிளாஸ் ஓவியத்த எடுத்துப் பாருங்க, தரைப் பலகைக் கோடெல்லாம் தெளிவா ஓடுது, வாத்தியார் ஒரு நீளக் கம்ப ஊனிக்கிட்டு நிக்கிறாரு, பியானோ மேல ஏறி உக்காந்திருக்கிற பொண்ணு யாரையும் கண்டுக்காம முதுகச் சொறிஞ்சுக்கிட்டு இருக்கு. இதுல மங்கல் எங்க இருக்கு, வெயில் எங்க இருக்கு? கைபோட்டோட மழைக்கால பாரிஸ் தெரு (1877) அதுக்கும் மேல, கல்லு பதிச்ச ரோட்டுல ஒவ்வொரு கல்லையும் எண்ணலாம் போல இருக்கு. இவங்களயும் மோனேவையும் ஒரே பெட்டியில போட்டு ஒரே லேபிள் ஒட்டுறது எப்படி சரி? எனக்கென்னவோ இது ஒரு ஸ்டைலே இல்ல, ஒரு கூட்டணினு தான் தோணுது. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, மாறுபட்ட கருத்து இருந்தாலும் சொல்லுங்க.

நெய்தல்:
கூட்டணின்னு சொன்னீங்களே, அந்த இடத்துல இருந்தே ஆரம்பிக்கலாம் கித்தான். அந்தக் காலத்துல பாரிஸ்ல ஓவியனா பொழைக்கணும்னா சலோன்னு ஒரே ஒரு வழி தான், அரசாங்கத்தோட பெரிய கண்காட்சி, ஜூரி உள்ள விட்டா படம் விக்கும், விடலன்னா ஒரு பய திரும்பிப் பாக்க மாட்டான். புராணம், சரித்திரம், பிரஷ் தடமே தெரியாத வழவழ ஃபினிஷ், இதுக்குத் தான் மரியாதை. 1863ல ஜூரி தள்ளி விட்டது அளவுக்கு மீறிப் போயி ஒரே கூச்சல், அப்புறம் பேரரசர் மூணாம் நெப்போலியனே நிராகரிச்ச படத்துக்கெல்லாம் தனியா ஒரு கண்காட்சி வைங்கன்னு சொல்லிட்டாரு, மானேவோட (மோனே இல்ல, இவர் வேற ஓவியர்) புல்வெளி விருந்து அங்க தான் ஊரையே கலக்குச்சு.

அதுக்கு 11 வருஷம் கழிச்சு இவங்க சலோனே வேணாம், நாமளே வைப்போம்னு கம்பெனி மாதிரி ஒரு சங்கம் பதிவு பண்ணி, 1874 ஏப்ரல் 15ம் தேதி, புகைப்படக்காரர் நதார் காலி பண்ணிட்டுப் போன ஸ்டுடியோவுல கடை விரிச்சாங்க. சுமார் 30 பேர், நுழைவுக் கட்டணம் 1 பிராங்க், ஒரு மாசம் நடந்துச்சு, வந்தவங்க 3500 பேரு. வருஷக் கடைசியில கணக்குப் பாத்தா ஆளுக்கு 184 பிராங்க் சொச்சம் கடன், சங்கத்தையே கலைச்சுட்டாங்க. ஆனாலும் விடாம 1886 வரைக்கும் மொத்தம் 8 கண்காட்சி வெச்சாங்க. மானே மட்டும் ஒண்ணுல கூட கலந்துக்கல, சலோன்லயே நின்னு ஜெயிக்கணும்னு இருந்துட்டாரு. அதனால இம்ப்ரெஷனிஸ்ட்னா யாருன்னு கேட்டா, அந்த 8ல எதுலயாவது சேந்து படம் மாட்டுனவங்கன்னு சொல்றது தான் முதல் பதில்.

பாரிஸ்_தவம்:
நான் இஞ்ச பாரிசில கன வருசமா இருக்கிறன், ஓர்சேக்கு அடிக்கடி போறனான், அதால ஒரு படத்தைப் பற்றி மட்டும் சொல்லுறன். நெய்தல் அண்ணா சொன்ன அந்த முதல் கண்காட்சியில பிஸ்ஸாரோ வைச்ச படம் ஒண்டு, வெண்பனி எண்டு சொல்லலாம், 1873ல கீறினது. விடியக்காலமை உழுத வயல், ஒரு கிழவன் முதுகில விறகுக்கட்டோட ஏறி வாறார், அவ்வளவுதான். ஆனா கிட்டப் போய்ப் பாருங்கோ, வயலுக்குக் குறுக்கால நீலமா நீட்டு நீட்டா நிழல் விழுந்திருக்கு, அந்த நிழலுக்குரிய மரங்கள் படத்துக்குள்ளயே இல்லை! மரம் எல்லாம் சட்டத்துக்கு வெளியில எங்கட பக்கம் நிக்குது, நிழல் மட்டும் உள்ள வந்திருக்கு. அப்பத்தைய விமர்சகர் ஒராள், கஸ்தான்யாரி எண்டு, அவர் இவையளுக்கு ஆதரவான ஆள் தான், அவரே இதைப் பிழை எண்டு எழுதினவர். லெருவா எண்ட பத்திரிகைக்காரன் இன்னும் மோசம், ஊத்தைக் கித்தானில (கேன்வாசில) சாயத்தட்டைச் சுரண்டி அப்பின மாதிரி இருக்கு எண்டு நக்கலடிச்சான். "இம்ப்ரெஷன், சூரியோதயம்" எண்ட மோனேன்ர படத் தலைப்பை வைச்சு இந்தக் கூட்டத்துக்கே பேர் வைச்சதும் அவன்தான்.

எனக்கு அந்த நிழலுக்கு முன்னால நிக்கேக்க எப்பவும் பிஸ்ஸாரோ மேல பெரிய மரியாதை வரும். தான் நிண்ட இடத்தில இருந்து என்ன தெரிஞ்சுதோ அதைத்தான் கீறுவன், படத்துக்கு வசதியா எதையும் கூட்டிக் குறைக்க மாட்டன் எண்ட நேர்மை அது. கித்தான் கேட்ட "என்ன பொதுவா இருக்கு" எண்ட கேள்விக்கு என்ர பதில் அதுதான்.

ராதிகா_வண்ணம்:
தவம் சொன்ன நீல நிழல் தான் இதுல முக்கியமான சமாச்சாரம், நான் ஆயில் பெயின்டிங் கத்துக் குடுக்கிறவ, அதனால கைவேலை பக்கமா கொஞ்சம் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஸ்கூல் ஸ்கூலா சொல்லிக் குடுத்தது என்னன்னா முதல்ல கேன்வாஸ் முழுக்க பிரவுன் பூசு, இருட்டுல இருந்து வெளிச்சத்துக்கு வா, நிழல்னா கருப்பும் பழுப்பும் கலந்துக்கோ. இவங்க வெள்ளை இல்ல வெளிர் சாம்பல் தளத்துல நேரா ஆரம்பிச்சாங்க, அதனாலயே படம் உள்ளுக்குள்ள இருந்து பளிச்னு இருக்கும். நிழல்ல கருப்பு போடாம நீலம், ஊதா, பச்சைன்னு பக்கத்துல இருக்கிற கலரோட எதிர்க்கலரப் போட்டாங்க. மோனேவோட மேக்பை படம் (1868-69) இருக்குல்ல, பனி மூடின தோட்டம், வேலிப் படல்ல ஒத்தையா ஒரு கருப்பு வெள்ளைப் பறவை, அதுல பனி மேல விழுற வேலியோட நிழல் நல்ல நீலம். 1869 சலோன் ஜூரி அதைத் தள்ளிடுச்சு. பனிய வெளிய போய்ப் பாத்தவங்களுக்குத் தான் அந்த நீலம் தெரியும்.

இதெல்லாம் சாத்தியமானதுக்குக் காரணம் கடையில கிடைச்ச சாமான். 1841ல ஜான் ராண்ட்னு ஒரு அமெரிக்க ஓவியர் தகர டியூபுக்கு பேடன்ட் வாங்குனாரு, அதுக்கு முன்னாடி அரைச்ச சாயத்த பன்னியோட மூத்திரப்பையில கட்டி வெப்பாங்க, வெளிய எடுத்துட்டுப் போறது பெரிய அவஸ்தை. டியூப் வந்ததும் பெட்டியத் தூக்கிக்கிட்டு ரயிலேறி ஆத்தங்கரைக்குப் போயிடலாம். கோபால்ட் நீலம், செருலியன் நீலம், விரிடியன் பச்சை, கேட்மியம் மஞ்சள்னு அந்த நூற்றாண்டுல தொழிற்சாலையில இருந்து வந்த புது கலருங்க தான் இவங்க தட்டு முழுக்க. அதோட பிரஷ்ஷுக்கு உலோகப் பட்டை வந்ததால தட்டை பிரஷ் செய்ய முடிஞ்சுது, மோனே ரென்வார் படங்கள்ல சின்னச் சின்ன செவ்வகமா தெரியுற அந்த அடி தட்டை பிரஷ் இல்லாம வராது. லண்டன் நேஷனல் கேலரியில மோனேவோட துரூவில் கடற்கரை (1870) படம் இருக்கு, அந்தப் பெயின்டுக்குள்ள நிஜ மணல் துகள் ஒட்டிக்கிட்டு இருக்கு, காத்துல பறந்து வந்து விழுந்தது. கடற்கரையில நின்னு தான் போட்டாருங்கிறதுக்கு அதை விட சாட்சி வேணுமா.

வெயில்குருவி:
சாட்சியே வேணாம் அக்கா, அதான் நான் சொல்ல வர்றது. மோனே தான் இம்ப்ரெஷனிசம், மத்தவங்க எல்லாம் அவரச் சுத்தி. என் கருத்து இது, திட்டுறவங்க திட்டிக்கோங்க. லேபிளுக்கே பேரு குடுத்த சூரியோதயம் (1872, லெ ஆவ்ர் துறைமுகம்) படத்த எடுத்துக்கோங்க, அந்த ஆரஞ்சு சூரியன் ஏன் அப்படி துடிக்கிற மாதிரி தெரியுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? போன்ல அந்தப் படத்த எடுத்து கருப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க, சூரியன் கிட்டத்தட்ட காணாமப் போயிடும், ஏன்னா சூரியனும் சுத்தி இருக்கிற சாம்பல் வானமும் ஒரே அளவு வெளிச்சம், கலர் மட்டும் தான் வேற. ஹார்வர்ட்ல பார்வை நரம்பியல் ஆராய்ச்சி பண்ற மார்கரெட் லிவிங்ஸ்டன் இதை விளக்கியிருக்காங்க, நம்ம மூளையில வெளிச்சத்தையும் இடத்தையும் கவனிக்கிற பகுதி ஒண்ணு, கலரக் கவனிக்கிற பகுதி வேற, முதல் பகுதிக்கு அந்தச் சூரியன் கண்ணுலயே படாது, ரெண்டாவதுக்கு நல்லாவே தெரியும், அந்த இழுபறி தான் துடிப்பு. 1872ல மோனேவுக்கு நரம்பியல் தெரியாது, கண்ணு தெரிஞ்சுது.

அப்புறம் வைக்கோல் போர் வரிசை, 1890-91ல சுமார் 25 படம், ஒரே போரு, காலையில ஒண்ணு, பனியில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, வெளிச்சம் மாற மாற கேன்வாஸ மாத்திக்கிட்டே இருப்பாரு. பாப்ளார் மரங்கள வரையும்போது மரத்த வெட்ட ஏலம் போட்டுட்டாங்க, இவரு மரவியாபாரி கூட சேந்து காசு போட்டு, நான் முடிக்கிற வரைக்கும் வெட்டாதீங்கன்னு நிறுத்தி வெச்சாரு. வைக்கோல் போர் ஒண்ண மாஸ்கோவுல பாத்த காண்டின்ஸ்கிக்கு அது என்னன்னே முதல்ல புரியல, பொருளே இல்லாம படம் நிக்குமான்னு அவருக்குக் கேள்வி விழுந்துச்சு. அவரு தான் பின்னாடி அப்ஸ்ட்ராக்ட் ஓவியத்துக்கே முன்னோடி ஆனாரு.

கித்தான்:
குருவி, மோனேவ யாரு குறை சொன்னா. ஆனா நீங்க சொல்ற அந்த "அங்கயே நின்னு அப்பவே முடிச்சாரு" கதைய அப்படியே எடுத்துக்க முடியாது. ரூவான் கதீட்ரல் வரிசை இருக்கே, 30க்கு மேல படம், 1892லயும் 1893லயும் எதிர்ல வாடகைக்கு ரூம் எடுத்து ஆரம்பிச்சாரு, அப்புறம் எல்லாத்தையும் தன் ஊரு ஜிவெர்னி ஸ்டுடியோவுக்குக் கொண்டு போயி ஒண்ணோட ஒண்ணு பக்கத்துல வெச்சு மாசக்கணக்கா திருத்தி 1894னு தேதி போட்டாரு, 1895ல தான் 20 படத்த காட்டுனாரு. அந்தச் சுவர் மேல பெயின்ட் எவ்ளோ தடிமன்னா கல்லு மாதிரியே சொரசொரப்பா இருக்கும், ஒரு மணி நேரத்துல அப்படி வராது, காய வெச்சு காய வெச்சு மேல மேல போட்டது. அதனால மோனே குறைஞ்சு போயிடல, எனக்கு இன்னும் பெரிய ஆளாத் தான் தெரியுறாரு, ஒரு நிமிஷ வெளிச்சத்த ரெண்டு வருஷம் ஞாபகத்துல வெச்சிருக்கணும்ல.

கோட்டோவியன்:
ஞாபகம்னு சொன்னீங்க பாருங்க, டெகா அங்க தான் வர்றாரு. வெளிய போய் ஈசல் போட்டு வரையுறது அவருக்கு சுத்தமா பிடிக்காது, தன்ன இம்ப்ரெஷனிஸ்ட்னு சொன்னாலும் பிடிக்காது, ஆனா 8 கண்காட்சியில 7ல படம் வெச்சிருக்காரு, ஏற்பாடெல்லாம் முன்ன நின்னு பண்ணியிருக்காரு. கோட்டுக்குப் பேர்போன பழைய ஓவியர் ஆங்ரோட பரம்பரையில கோடு கத்துக்கிட்டவரு, ஒரே கை, ஒரே முதுகு, ஒரே கணுக்காலத் திரும்பத் திரும்ப வரைஞ்சு வெச்சுக்கிட்டு ஸ்டுடியோவுல கூட்டிச் சேத்து படமாக்குவாரு. பாக்கறதுக்கு திடீர்னு திரும்பிப் பாத்து எடுத்த போட்டோ மாதிரி இருக்கும், ஆளு பாதி ஃபிரேமுக்கு வெளிய, நடுவுல வெறும் தரை, அப்சிந்த்ங்கிற சாராயம் குடிக்கிற பொம்பள படத்துல (1875-76) மேஜைக்குக் காலே இல்ல, மார்பிள் பலகை அந்தரத்துல கிடக்கு, அவங்க பார்வையும் அப்படித்தான் எங்கயும் ஊன்றாம கிடக்கு. இந்த வெட்டு அவர் சேத்து வெச்ச ஜப்பான் மரப்பதிவுப் படங்கள்ல இருந்து வந்தது, அதுல சந்தேகமே இல்ல.

டான்ஸ் பொண்ணுங்கள அழகுப் பதுமையா பாக்கிறவங்க மேடைப் பக்கவாட்டுல நிக்கிற கருப்பு கோட்டு ஆம்பளைங்களயும் பாக்கணும். வருஷச் சந்தா கட்டுன பணக்காரங்க, திரைக்குப் பின்னாடி வரைக்கும் வர உரிமை உள்ளவங்க. பொண்ணுங்க பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைங்க. 1881ல அவர் வெச்ச 14 வயசு நடனக்காரி சிலை மெழுகுல செஞ்சது, நிஜத் துணிப் பாவாடை, நிஜ ரிப்பன், கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சாரு. பாத்தவங்க அருவருத்தாங்க. மாடல் மரி வான் கோத்தெம்னு ஒரு சலவைக்காரம்மாவோட பொண்ணு. மனுஷனா டெகா கிட்ட எனக்கு பெரிய மனஸ்தாபம் உண்டு, டிரேஃபஸ்ங்கிற யூத ராணுவ அதிகாரி மேல பொய்யா துரோகப் பழி போட்ட வழக்கு நேரத்துல யூதர்களுக்கு எதிரா நின்னு யூதரான பழைய நண்பர் பிஸ்ஸாரோவையே ஒதுக்கினாரு, அதை மறைக்கவே கூடாது. ஆனா பாஸ்டல் குச்சிய வெச்சு கலர அடுக்கடுக்கா ஏத்துறதுல அவருக்கு சமம் அந்த நூற்றாண்டுலயே யாரும் இல்ல.

மணி_புதுசு:
எல்லாம் படிச்சுட்டு வர்றேன் அண்ணன்களா, ஒரு சின்ன டவுட்டு. வான் கோ இந்த லிஸ்ட்ல வருவாரா மாட்டாரா? நெட்ல பாதி இடத்துல இம்ப்ரெஷனிஸ்ட்னு தான் போடுறாங்க.

நெய்தல்:
வர மாட்டாரு தம்பி. அவர் பாரிசுக்கு வந்ததே 1886ல, எட்டாவது, கடைசி கண்காட்சி நடந்த அதே வருஷம். பிஸ்ஸாரோ, சின்யாக் இவங்களப் பாத்ததுக்கு அப்புறம் தான் அவர் தட்டுல இருந்த உருளைக்கிழங்கு பிரவுன் போயி மஞ்சளும் நீலமும் வந்துச்சு, அந்தக் கடன் நிச்சயமா உண்டு. ஆனா அவர் கலரப் போடுறது மனசுக்காக, கண்ணுக்காக மட்டும் இல்ல. அவரு, கோகன், சூரா எல்லாரையும் சேத்து போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட்ங்கிற பேரே 1910ல லண்டன்ல ராஜர் ஃபிரைங்கிற விமர்சகர் வெச்சது. செஸான் ரெண்டு பக்கமும் இருக்காரு, 1874லயும் 1877லயும் இவங்களோட மாட்டியிருக்காரு.

ராதிகா_வண்ணம்:
இவ்ளோ நேரம் ஆம்பளைங்க பேரே ஓடிக்கிட்டு இருக்கு, பெர்த் மொரிசோ பேர யாரும் எடுக்கலயே. 1874ல இருந்து 1886 வரைக்கும் 8ல 7 கண்காட்சி, விட்ட ஒண்ணு 1879, அதுக்கு முந்தின நவம்பர்ல தான் பொண்ணு ஜூலி பொறந்திருந்துது. 1875 ஏலத்துல இவங்க படம் ஒண்ணுக்கு மோனே, ரென்வார், சிஸ்லி படங்கள விட அதிக விலை கிடைச்சுது. இவ்ளோ இருந்தும் ரொம்ப காலத்துக்கு மானேவோட மாடல், மானேவோட தம்பி பொண்டாட்டின்னு தான் எழுதி வெச்சாங்க, எனக்கு ரத்தம் கொதிக்கும்.

பொம்பளைங்கள எக்கோல் தெ போசார்ங்கிற பாரிஸ் அரசு ஓவியப் பள்ளியில சேத்துக்கிட்டதே 1897ல, அப்ப இவங்க செத்து ரெண்டு வருஷம். ஆம்பளைங்க மாதிரி தனியா காஃபேல போய் உக்கார முடியாது, தெருவுல ஈசல் போட முடியாது. வீடு, தோட்டம், பால்கனி, படகு, குழந்தை, இதான் அவங்களுக்குத் திறந்திருந்த உலகம், அதுக்குள்ள தான் மத்த எல்லாரையும் விட துணிச்சலான பிரஷ் போட்டாங்க. லண்டன்ல இருக்கிற கோடைநாள் படத்த (1879) நல்லா பெருசு பண்ணிப் பாருங்க. படகுல ரெண்டு பொம்பளைங்க, பின்னாடி ஏரி. தண்ணி முழுக்க இசட் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு இழுத்த கோடு, அதே இழுப்பு நிறுத்தாம பாவாடை மேலயும் போகுது, வாத்து மேலயும் போகுது, எது தண்ணி எது துணின்னு கிட்டத்துல பாத்தா பிரிக்கவே முடியாது, நாலடி தள்ளிப் போனா எல்லாம் டக்குனு தன் இடத்துல உக்காந்துடும். ஓரத்துல சில சமயம் வெறும் கேன்வாஸே தெரியும், மூடாம விட்டுடுவாங்க. முடிக்கலன்னு அப்ப திட்டுனாங்க, எங்க நிறுத்தணும்னு தெரிஞ்ச கை அது. தொட்டில் (1872) படத்துல அக்கா எட்மா தூங்குற குழந்தையப் பாத்துக்கிட்டு இருப்பாங்க, அந்த மெல்லிசு வலைத் திரைய வெள்ளைல எப்படி அவ்ளோ சாம்பலும் ரோஸும் கலந்து போட்டாங்கன்னு நான் இன்னும் கத்துக்கிட்டு தான் இருக்கேன். எட்மாவும் ஓவியர் தான், கல்யாணத்தோட விட்டுட்டாங்க. இதே கூட்டத்துல இருந்த மரி பிராக்மோனும் புருஷன் தொல்லை தாங்காம விட்டவங்க தான்.

வெயில்குருவி:
அக்கா, கோடைநாள் இப்பத் தான் பெருசு பண்ணிப் பாத்தேன், அந்த வாத்து மூணே இழுப்புல நிக்குது, மிரட்டல். ஆனா மோனேவ விட துணிச்சல்னு ஒத்துக்க மாட்டேன், 1869ல சீன் ஆத்துல குளிக்கிற இடமான கிரெனூயேர்ல தண்ணிய பட்டை பட்டையா வெட்டிப் போட்டது அவரு தானே, அதுல இருந்து தானே எல்லாரும் வந்தாங்க.

கித்தான்:
கிரெனூயேர்ல பக்கத்துலயே ஈசல் போட்டு அதே காட்சிய ரென்வாரும் வரைஞ்சாரு குருவி. ரெண்டையும் பக்கத்துல வெச்சா மோனே தண்ணியப் பாக்குறாரு, ரென்வார் தண்ணிய விட்டுட்டு கூட்டத்தப் பாக்குறாரு, யாரு என்ன டிரெஸ், யாரு யாரு கூட பேசுறாங்கன்னு. அவரு லிமோஜ்ல பொறந்தவரு, 13 வயசுல பீங்கான் தட்டுல பூ வரையுற வேலைக்குப் போனவரு, அந்த நுனி பிரஷ் மினுமினுப்பு கடைசி வரைக்கும் போகல. மூலன் த லா கலெத் (பாரிஸ்ல ஒரு திறந்தவெளி நடன இடம்) நடனம் (1876) படத்துல கோட்டு மேல, தொப்பி மேல, முகத்து மேலயெல்லாம் இலை வழியா வந்த வெயில் பொட்டு பொட்டா விழுந்திருக்கும், வேப்பமரத்தடியில வெள்ளச் சட்டையோட ஆளு நின்னா எப்படி இருக்குமோ அப்படியே. அதே வருஷம் அவர் வெச்ச ஒரு பொண்ணோட உடம்புப் படத்துல இந்த இலை நிழல் பச்சையும் ஊதாவுமா இருந்ததப் பாத்துட்டு, ஃபிகாரோ பத்திரிகையில வோல்ஃப்ங்கிறவரு அழுகுற பொணம் மாதிரி இருக்குன்னு எழுதினாரு.

எனக்கு ரென்வாரோட பிற்கால குண்டு ரோஸ் பொம்பளைங்க படம் அவ்வளவா ஒட்டாது, சொல்லிடறேன். ஆனா குடைகள் படம் ஒண்ணு போதும் அவருக்கு. சுமார் 1881ல ஆரம்பிச்சு, நடுவுல இத்தாலி போயி ரஃபேலப் பாத்துட்டு வந்து மனசு மாறி, 1885 வாக்குல திரும்ப எடுத்து முடிச்சாரு. வலது பக்கம் வளையம் வெச்சுக்கிட்டு நிக்கிற சின்னப் பொண்ணு, அவங்க அம்மா, எல்லாம் இறகு மாதிரி மெத்துனு பிரஷ். இடது பக்கம் கூடை தூக்கிட்டு வர்ற பொண்ணு, ஓரக்கோடு கத்தி மாதிரி, டிரெஸ்ஸும் நாலு வருஷம் பிந்தின ஃபேஷன். ஒரே கேன்வாஸ்ல ஒரே ஆளோட ரெண்டு ஸ்டைல், கோடு எங்க மாறுதுன்னு விரல் வெச்சுக் காட்டலாம். நான் ஆரம்பத்துல கேட்டதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

பாரிஸ்_தவம்:
காசு விசயமும் கதைக்க வேணும், ஏனெண்டால் ஆர் சாப்பிட்டது ஆர் பட்டினி கிடந்தது எண்டுறது படத்திலயும் தெரியுது. 1870ல பிரஷ்யாவோட (ஜேர்மன் அரசு) யுத்தம் வந்திச்சு, அவையளோட இருந்த பஸீல் 28 வயதில சண்டையில செத்துப்போனார். மோனேயும் பிஸ்ஸாரோவும் லண்டனுக்கு ஓடினவை, அங்க தான் டூரான் ருயேல் எண்ட பட வியாபாரியைச் சந்திச்சவை. பிஸ்ஸாரோ திரும்பி வந்து பாத்தால் லூவெசியென் வீட்டில பிரஷ்யப் படை இருந்திட்டுப் போயிட்டுது, 20 வருசமா கீறி வைச்ச படங்களில பெரும்பகுதி அழிஞ்சு போச்சு, தோட்டத்தில சேறு மிதிக்கக் கித்தானை விரிச்சிருந்தவங்களாம். யுத்தத்தால ஊரை விட்டு வந்த ஆக்களுக்கு அது வாசிக்கேக்க வேற மாதிரி விளங்கும்.

சிஸ்லியைத்தான் எனக்கு நினைச்சால் கவலை. தாய் தேப்பன் இங்கிலீஷ்காரர், பிறந்தது பாரிசில, அப்பாவின்ர வியாபாரம் யுத்தத்தோட முடிஞ்சுது, பிறகு சாகும் வரைக்கும் வறுமை. பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டும் கிடைக்கேல்லை, 1899ல செத்தார். போர்-மார்லி வெள்ளம் (1876) படத்தைப் பாருங்கோ, வைன் கடையைச் சுத்தித் தண்ணி, ஆனா ஒரு கூச்சல் குழப்பம் இல்லை, படத்தில பெரிய பங்கு வானம், அந்த வானத்தை முகில் முகிலா அவ்வளவு பொறுமையாக் கீறியிருக்கிறார். ஆக்கள் சிஸ்லியை மோனேன்ர நிழல் எண்டு கடந்து போயிடுகினம், அது சரியில்லை.

கைபோட் பணக்காரர், கூட்டாளிகளின்ர படங்களை வாங்கி, வாடகை கட்டி, கண்காட்சிச் செலவும் பாத்தவர். 1894ல செத்தபோது தன்ர சேகரிப்பு முழுக்க அரசாங்கத்துக்கு எழுதி வைச்சார், அவங்கள் இழுபறிப்பட்டு ஏறக்குறைய 40 படத்தைத்தான் எடுத்தவங்கள், மிச்சத்தை வேண்டாம் எண்டிட்டாங்கள்! இண்டைக்கு ஓர்சேயில சனம் வரிசையில நிண்டு பாக்கிறதில கனக்க அந்த 40தான்.

கோட்டோவியன்:
அமெரிக்கா பக்கம் அதே வேலையப் பண்ணது இவங்களோட சேந்து படம் வெச்ச அமெரிக்க ஓவியர் மேரி கசாட். டூரான் ருயேல் 1886ல நியூயார்க்ல 300 படம் கொண்டு போயி காட்டினதுக்கு அப்புறம் தான் இவங்க எல்லாருக்கும் கையில காசே பொழங்குச்சு, கசாட் தன் தோழி ஹேவ்மையர் குடும்பத்துக்கு எத வாங்கணும்னு சொல்லிச் சொல்லி வாங்க வெச்சது இப்ப நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல இருக்கு. ஆனா அவங்கள புரோக்கர் மாதிரி பேசிட்டு விட்டுடக் கூடாது. 1890ல பாரிஸ்ல பெரிய ஜப்பான் பதிவுப் படக் கண்காட்சி நடந்துச்சு, அதப் பாத்துட்டு வந்து 1890-91ல 10 கலர் பதிவுப் படம் பண்ணாங்க, செப்புத் தகட்டுல ஊசியால கீறி, அக்வாடின்ட்ங்கிற அமில அரிப்பு முறை போட்டு, ஒவ்வொரு தகட்டுலயும் கலர கையாலயே துணி வெச்சுத் தடவி, ஒண்ணொண்ணும் 25 பிரதி தான். கடிதம்னு ஒண்ணு, ஒரு பொம்பள மேஜையில உக்காந்து கவர நாக்கால நனைச்சு ஒட்டுறாங்க, அவ்ளோதான் விஷயம். நிழலே கிடையாது, பூப்போட்ட சுவரும் பூப்போட்ட டிரெஸ்ஸும் தட்டையா மோதிக்குது. இம்ப்ரெஷனிசம்னா வெளிச்சம் மட்டும் தான்னு சொல்றவங்க இதை எங்க வைப்பாங்கன்னு கேக்கணும்.

மணி_புதுசு:
மோனேவுக்குக் கடைசியில கண்ணு தெரியாமப் போச்சுன்னு கேள்விப்பட்டேன், அதனால தான் அல்லிக்குளம் அப்படி மங்கலா இருக்குதா?

வெயில்குருவி:
தம்பி, அது பாதி தான் சரி. கண்புரைன்னு டாக்டர் சொன்னது 1912ல, ஆபரேஷன் 1923ல வலது கண்ணுக்கு. நடுவுல வரைஞ்ச ஜப்பான் பாலம் படங்கள்ல சிவப்பும் பழுப்புமா எரியுற மாதிரி இருக்கிறதுக்கு புரையும் ஒரு காரணம், நீலம் சரியா தெரியாது, டியூப் மேல பேரப் படிச்சு கலர் எடுக்கிற நிலைமை. ஆனா குளத்த அவர் மங்கலா வரைய ஆரம்பிச்சது அதுக்கு ரொம்ப முன்னாடி, தெளிவா கண்ணு இருந்தப்பவே. கரையே இல்லாம, வானம் தலைகீழா தண்ணிக்குள்ள, பூ மட்டும் மேல மிதக்கணும்னு அவரே முடிவு பண்ணது. அதுக்காக குளத்தையே ஆத்துல இருந்து வாய்க்கால் வெட்டி தானே உருவாக்குனாரு. பாரிஸ் ஆரஞ்சரி மியூசியத்துல ரெண்டு முட்டை வடிவ ஹால், 8 பெரிய ஓவியம் வளைஞ்ச சுவர் முழுக்க, முதல் உலகப் போர் முடிஞ்ச உடனே நாட்டுக்குக் குடுக்கிறேன்னு பிரதமர் கிளெமான்சோவுக்கு எழுதினாரு, 1926 டிசம்பர்ல செத்துட்டாரு, 1927ல தான் திறந்தாங்க.

ராதிகா_வண்ணம்:
குருவி சொன்னது அருமை. கித்தான், உங்க கேள்விக்கு இன்னொரு ஆளையும் சேத்துக்கோங்க, பிஸ்ஸாரோ. 8 கண்காட்சியிலயும் விடாம கலந்துக்கிட்டவர் அவர் ஒருத்தர் தான். ஆனா ஒரே மாதிரி வரைஞ்சவரும் இல்ல. 1870கள்ல பாரிஸ் பக்கத்து ஊரு போந்துவாஸ்ல செஸான் கூட பக்கத்துல நின்னு தடிச்ச கத்திப் பூச்சு, டெகா, கசாட் கூட சேந்து பதிவுப் படம், அப்புறம் 50 வயசத் தாண்டினதுக்கு அப்புறம் அவர் புள்ள வயசுல இருந்த சூராவப் பாத்து புள்ளி புள்ளியா வைக்க ஆரம்பிச்சாரு, 1886ல ரெண்டு பேர் படமும் ஒரே ரூம்ல. நாலஞ்சு வருஷம் பண்ணிட்டு, ரொம்ப மெதுவா போகுது, பாத்த உணர்ச்சி அதுக்குள்ள ஆறிப் போயிடுதுன்னு விட்டுட்டாரு. கடைசியில கண்ணுல இன்ஃபெக்ஷன், வெளிய காத்துல நிக்க முடியாது, ஹோட்டல் ஜன்னல்ல இருந்து கீழ தெருவ வரைஞ்சாரு, 1897 மோன்மார்த் வீதி வரிசை முழுக்க அப்படி மேல இருந்து பாத்தது தான். என் ஸ்டூடன்ட்ஸ்ல யாராவது "எனக்குன்னு ஒரு ஸ்டைல் வரல மேடம்"னு வருத்தப்பட்டா இவர் படங்களத் தான் வருஷ வாரியா அடுக்கிக் காட்டுவேன்.

கித்தான்:
எல்லாருக்கும் நன்றி, ஒரு வாரத்துக்குப் பாக்க வேண்டிய படம் குவிஞ்சு கிடக்கு. தவம் அண்ணே, அடுத்த வருஷம் பாரிஸ் வர்ற மாதிரி இருக்கு, ஓர்சேல முதல்ல எங்க போறது?

பாரிஸ்_தவம்:
வாங்கோ வாங்கோ. இவையளின்ர படங்கள் மேல 5ம் மாடியில, கனபேர் கீழ சிலைகளுக்க நிண்டு களைச்சுப் போய்த்தான் மேல வருவினம், நீங்கள் நேர மேல ஏறிப்போட்டு பிறகு கீழ இறங்குங்கோ. திங்கக்கிழமை ஓர்சே பூட்டு, செவ்வாய்க்கிழமை ஆரஞ்சரி பூட்டு, இதை மாறி யோசிச்சு வந்திடாதேங்கோ. வியாழன் இரவு 9:45 வரைக்கும் ஓர்சே திறந்திருக்கும், எட்டு மணிக்குப் பிறகு சனம் குறைஞ்சிடும், அப்ப வெண்பனி படத்துக்குக் கிட்டப் போய் நிண்டு பாக்கலாம். சூரியோதயம் படம் ரெண்டிலயும் இல்லை, அது மார்மொத்தான் மியூசியத்தில, 16ம் வட்டாரம், அதுக்குத் தனியா ஒரு பின்னேரம் ஒதுக்குங்கோ.